புகைக்கு ஒரு பேரேடு

போன ஆவணியில் பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்கா மகன் என் போனை வாங்கி ஓர் ஆப்பை ஏற்றிக் கொடுத்தான். "நீங்க செலவு பண்ற ஒவ்வொரு ரூபாய்க்கும் எவ்வளவு கார்பன் காத்துல போகுதுன்னு இதுவே சொல்லிரும் மாமா. நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம்." முப்பது வருஷமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவனிடம் 'ஒண்ணும் எழுத வேண்டாம்' என்றால் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனாலும் பையன் ஆசையாகச் செய்கிறான், சரி என்று விட்டுவிட்டேன்.

நான் குடியிருப்பது கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வேலை பொள்ளாச்சியில், ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு. காலையில் கோபாலபுரம் தாண்டி பைக்கில் போனால் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவேன். தூக்கம் கேரளத்தில், சம்பளம் தமிழ்நாட்டில். எங்கள் தெருமுனை டீக்கடையில் பணம் வந்தால் பெட்டி மலையாளத்தில் கத்தும். மண்டிக்குப் பக்கத்து பேக்கரியில் தமிழில் கத்தும். இரண்டு பெட்டிகளுக்கும் என் காலை எட்டு மணியும் பதினோரு மணியும் நன்றாகத் தெரியும்.

ஆப் முதலில் கேட்டது என் எஸ்.எம்.எஸ். எல்லாவற்றையும் படிக்க அனுமதி. வங்கியிலிருந்து 'இவ்வளவு பற்று வைக்கப்பட்டது' என்று வருகிற செய்திகளைப் படித்துத்தான் அது வேலை செய்கிறது. அனுமதிப் பக்கம் முழுக்க இங்கிலீஷ். பையன் மூன்று தடவை கட்டை விரலால் அமுக்கினான், முடிந்தது. எனக்கு வருகிற எஸ்.எம்.எஸ்.ஸில் வங்கி மட்டுமா இருக்கிறது? ஆஸ்பத்திரி டோக்கன், குறிச் சீட்டு ஏலம், நகைக் கடன் வட்டி நினைவூட்டல் என்று என் ஜாதகமே அதில்தான் கிடக்கிறது.

மாதம் முடிந்ததும் அறிக்கை வந்தது. மொத்தம் 640 கிலோ கார்பன். அதில் 380 கிலோ ஒரே வரியில்: நகைக்கடை. தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர் என்று அரைப் பவுனில் கம்மல் எடுத்திருந்தேன். ஆப் அதை 'ஷாப்பிங்' என்று போட்டு, துணிமணி வாங்குவதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லி எனக்கு ஒரு புத்திமதியும் எழுதியிருந்தது. நான் தீபாவளிக்குத் தீபாவளி இரண்டு சட்டை எடுக்கிற ஆள்.

இது எப்படிக் கணக்குப் போடுகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். உள்ளே போனால் விஷயம் ரொம்ப எளிது. கார்டில் பணம் வாங்குகிற கடைகளுக்கு வங்கி நாலு இலக்கத்தில் ஒரு வகை எண் கொடுத்திருக்கும். மளிகைக்கு 5411, பெட்ரோல் பங்குக்கு 5541, சாப்பாட்டுக் கடைக்கு 5812. உலகம் முழுக்க இதே எண்கள்தான். எஸ்.எம்.எஸ்.ஸில் எண் வராது, கடைப் பெயரை வைத்து ஆப் வகையை ஊகித்துக்கொள்ளும். இந்த வகைக் கடையில் ஒரு ரூபாய் செலவானால் சராசரியாக இவ்வளவு கார்பன் என்று ஓர் அட்டவணை இருக்கும். ரூபாயை அதால் பெருக்கினால் விடை. பையில் போனது துவரம்பருப்பா மட்டனா என்று அதற்குத் தெரியாது. மளிகைக் கடையில் 800 ரூபாய், அவ்வளவுதான்.

தங்கத்தில் நடந்ததும் இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளுக்கும் இதே அரைப் பவுன்தான் எடுத்தேன். இப்போது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்தேன். எடை அதே, தோண்டி எடுத்த மண் அதே, உருக்கிய நெருப்பு அதே. ஆப் கணக்கில் புகை மட்டும் இரண்டு மடங்கு. பவுன் விலை ஏறினால் பூமி சூடாகிறதாம்.

இந்த யோசனை பிறந்த இடம் வடக்கு ஐரோப்பா. பின்லாந்தைச் சேர்ந்த ஓலாந்து தீவுகளின் வங்கி ஒன்று 2016இல் தன் கார்டுச் செலவுகளுக்கு இப்படி ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தது. 2019இல் ஸ்வீடனின் டொகானமி என்ற நிறுவனம் மாஸ்டர்கார்டோடு சேர்ந்து ஒரு கறுப்புக் கார்டையே அறிவித்தது. பணம் இருக்கும், ஆனால் கார்பன் வரம்பு தாண்டினால் கார்டு வேலை செய்யாது. பிரிட்டனில் அதற்கும் முன்னாலேயே, 2006இல், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் டேவிட் மிலிபேண்ட் ஆளுக்கு ஆள் கார்பன் பங்கீடு கொடுத்து அதை கார்டில் தேய்க்க வைக்கலாம் என்றார். நம் ரேஷன் கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2008இல் அரசே ஆராய்ந்து பார்த்து, செலவு அதிகம், காலத்துக்கு முந்திய யோசனை என்று மூட்டை கட்டிவிட்டது.

சீனாவில் கதை வேறு. பணம் அனுப்புகிற அலிபே செயலிக்குள் 2016இல் 'எறும்புக் காடு' என்று ஒரு விளையாட்டு வைத்தார்கள். பஸ்ஸில் போனால், நடந்தால், மின் கட்டணத்தை ஆன்லைனில் கட்டினால் பச்சைப் புள்ளிகள் சேரும். புள்ளி நிறைந்தால் வறண்ட நிலத்தில் நிஜமாகவே ஒரு மரம் நடுவார்கள். 2019இல் ஐ.நா. விருது வாங்கியபோது 50 கோடிப் பேர் விளையாடியிருந்தார்கள், 12 கோடிக்கு மேல் மரங்கள் நட்டிருந்தார்கள். அதில் ஒரு வேடிக்கை: விடியற்காலையில் எழுந்து நண்பர்களின் புள்ளிகளைத் திருடவும் செய்யலாம். நண்பன் நடந்தானா, புள்ளியை எடுத்தானா என்பதெல்லாம் மற்ற நண்பர்களுக்குத் தெரிகிற விளையாட்டு. மரம் நல்லதுதான். ஆனால் எனக்கு இரண்டு நாள் அந்தத் திருட்டே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊருக்கு வருவோம். ரூபாயை வைத்துப் புகையை அளக்கிறவன் ஒரு மாதம் இந்த எல்லையில் குடியிருந்து பார்க்க வேண்டும்.

பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளத்தில் விலை கூடுதல். 2023 ஏப்ரலில் இரண்டு ரூபாய் செஸ் வேறு ஏற்றினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் குறையும் என்பதால் நாங்கள் எல்லோரும் தாண்டிப்போய்த்தான் நிரப்புவோம். 500 ரூபாய்க்கு அந்தப் பக்கம் கிட்டத்தட்ட கால் லிட்டர் அதிகம் கிடைக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு. அப்படியென்றால் அந்த 500 ரூபாயில் அரைக் கிலோ புகை கூட. ஆப்புக்கு இரண்டும் ஒரே 500.

மின்சாரத்தில் இன்னும் கூத்து. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் என்று வைத்தால் 100 யூனிட்டுக்கு 70 கிலோ. ஆனைமலையில் இருக்கிற என் தங்கச்சி வீட்டில் சில தடவை பில் பூஜ்யம் வரும். பூஜ்யம் ரூபாய், பூஜ்யம் புகை. அதே 100 யூனிட்டுக்கு எங்கள் வீட்டில் கேரள வாரியத்துக்குக் காசு கட்டுவோம், ஆகவே நாங்கள் பாவிகள். 'உங்களுக்கு இடுக்கியிலிருந்து தண்ணீர்க் கரண்டுதானே' என்று மண்டியில் கேட்பார்கள். கேரளம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. கம்பியில் வருகிற கரண்டு தாய்மொழி சொல்லிக்கொண்டு வருவதில்லை.

தோப்புகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, என் சோறே அதுதான். பொள்ளாச்சிப் பக்கம் விவசாயப் பம்ப்செட்டுக்கு மின்சாரம் இலவசம். ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார் மும்முனை வந்த நேரமெல்லாம் ஓடும். தோப்புக்காரர் போனில் அதற்கென்று ஒரு பைசா போனதாக எந்தச் செய்தியும் வராது. அடுத்து கொட்டாங்குச்சி. கரி சுடுகிற குழிக்குப் பக்கத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள், சட்டையைத் துவைத்தாலும் அந்த வாடை போகாது. ஆனால் குழி போட்டவருக்குக் கரி விற்ற பணம் வரவாகத்தான் வருகிறது. ஆப் பற்றை மட்டும் படிக்கும். வரவில் புகை பார்க்கத் தெரியாது. எங்கள் மண்டி வரவு செலவை அதனிடம் கொடுத்தால், வருகிறவர்களுக்கு நாங்கள் வாங்கிக் கொடுக்கிற டீயும் வடையும்தான் பெரிய குற்றமாகத் தெரியும்.

சரி, அளவு தப்பு, போகட்டும். கணக்கில் தப்பு வந்தால் திருத்திக்கொள்ளலாம். என்னை நிஜமாக உறுத்தியது வேறொன்று.

தங்கச்சி வீட்டுக்காரர் மாதத்தில் இரண்டு ஞாயிறாவது எங்கள் வீட்டுக்கு வருவார். மச்சானைப் பார்க்க வருகிற பாசம் என்று தங்கச்சி நினைத்துக்கொண்டிருக்கிறாள். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. எங்கள் சித்தூர் தாலுகா கள் வண்டியேறி கேரளம் முழுக்கப் போகிறது. மத்தியானம் ஒரு மணிக்கு இரண்டு பேரும் ஷாப்புக்குப் போவோம். தென்னங்கள், கப்பைக்கிழங்கு, மத்திக் கறி. பணம் கொடுக்கும்போது அவர் வழக்கமாகச் சொல்வது: "மச்சான், உங்க போன்ல போடுங்க, நான் கையில தந்தர்றேன். என் நம்பர்ல போட்டா உங்க தங்கச்சிக்கு மெசேஜ் போயிருமுங்க." அவர்களுடையது கூட்டுக் கணக்கு.

ஷாப்பில் சுவரில் ஒட்டியிருக்கிற கியூஆர், அங்கே கணக்குப் பார்க்கிறவரின் சொந்த எண். அதில் அனுப்பினால் கடைப் பெயரோ வகை எண்ணோ எதுவும் வராது. ஆள் ஆளுக்குப் பணம் அனுப்பிய மாதிரிதான். நம் நாட்டில் பாதி டீக்கடையும் காய்கறி வண்டியும் இப்படித்தான். அதனால் ஆப் கள்ளுக்குக் கார்பன் எதுவும் போடவில்லை. கொஞ்சம் நியாயம்கூட. பக்கத்துத் தோப்பு மரத்திலிருந்து இறங்கி சைக்கிளில் வந்த கள்ளைவிடப் புகை குறைந்த பானம் இந்த உலகத்தில் எங்கே கிடைக்கும்?

ஆனால் மூன்றாம் வாரம் ஆப் கேட்டது: 'ஞாயிறுகளில் மதியம் 1 மணிக்கும் 3 மணிக்கும் இடையில் இவருக்குப் பணம் அனுப்புகிறீர்கள். இவர் உங்கள் குடும்பத்தாரா?'

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். எவ்வளவு கார்பன் என்று தெரியாத ஒன்றுக்கு என் ஞாயிற்றுக்கிழமை தெரிந்திருக்கிறது. எங்கள் ஊருக்குப் பகல் முழுக்க அந்தப் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள். கள்ளுக்கு, லாட்டரிக்கு. தமிழ்நாட்டில் 2003லிருந்து லாட்டரி கிடையாது. கோபாலபுரம், கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரம் பூராவும் லாட்டரிக் கடைகள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு சின்ன விஷயத்தை வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள். முன்பெல்லாம் ரொக்கம் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாது.

அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் கோயம்புத்தூரில் செய்தோம். ஆஸ்பத்திரிக்கு நான் பணம் அனுப்பிய மூன்று தேதிகளும் அறிக்கையில் வரிசையாக இருந்தன, தலைக்குமேல் ஒரு பச்சை இலைப் படத்தோடு. பத்து நாளில் மூத்த குடிமக்கள் காப்பீடு வேண்டுமா என்று இரண்டு போன். அந்த ஆப்தான் சொல்லிக் கொடுத்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்தே போயிருக்கலாம், வேறெங்கிருந்தும் போயிருக்கலாம். எங்கிருந்து போனது என்று கண்டுபிடிக்கவே முடியாது என்பதுதான் எனக்குக் கோபம். மண்டியில் ஒரு மூட்டை குறைந்தால் எந்தச் சீட்டில் குறைந்தது என்று நான் சாயங்காலத்துக்குள் காட்டிவிடுவேன்.

அன்று ராத்திரி அவர்களுடைய தனியுரிமைக் கொள்கையை முழுசாகப் படித்தேன். 'பெயரை நீக்கிவிட்டு' விவரங்களைக் கூட்டாளிகளுக்குத் தருவார்களாம். பெயரை நீக்கினால் போதுமா? 2015இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. 11 லட்சம் பேருடைய மூன்று மாதக் கார்டுச் செலவு, பெயர் கிடையாது. எந்த நாள், எந்தக் கடை என்று நாலே நாலு செலவு தெரிந்தால் 90 சதவீதம் பேரைத் தனியாக அடையாளம் காட்டிவிடலாம் என்று இவ் அலெக்சாந்தர் த மோன்ஜுவாவும் அவரோடு சேர்ந்தவர்களும் நிரூபித்தார்கள். அது 11 லட்சம் பேர் கணக்கு. கொழிஞ்சாம்பாறையில் குடியிருந்து, தினம் பதினோரு மணிக்குப் பொள்ளாச்சியில் டீ குடிக்கிறவன் எத்தனை பேர்? எனக்கு இரண்டு செலவு போதும்.

சட்டம் இல்லாமல் இல்லை. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டார்கள். 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 2025 நவம்பரில் விதிகள் வந்தன, பெரும்பகுதி நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பிடித்த ஒன்று: அனுமதி கேட்கிற அறிவிப்பை, தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் இருக்கிற மொழிகளில் எதில் வேண்டுமானாலும் படிக்க வழி இருக்க வேண்டும். தமிழில் வந்தால் அம்மாவே படித்துவிட்டு 'வேண்டாம்' என்று அமுக்குவாள்.

நான் அளக்கவே கூடாது என்று சொல்கிற கட்சி இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்போது வரும், எப்படி வரும் என்று அப்பா தேதி சொல்வார். இப்போது அந்தக் கணக்கெல்லாம் தப்புகிறது. அளந்துதான் ஆக வேண்டும். எங்கே அளப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு.

ஜி.எஸ்.டி. விலைப்பட்டியலை ஒரு தடவை உற்றுப் பாருங்கள். பொருள் இன்ன வகை என்று சொல்கிற எச்.எஸ்.என். எண் இருக்கும், கிலோவா லிட்டரா என்று இருக்கும், எவ்வளவு என்று இருக்கும். கொப்பரை 2,400 கிலோ என்று நான் தினமும் அடிக்கிறேன். அந்தப் பட்டியலுக்குப் பொருளும் எடையும் தெரியும். கடைசியில் அதைத் தின்றது யார், எந்த ஞாயிற்றுக்கிழமை என்று தெரியாது. பணம் அனுப்பிய பதிவு நேர்மாறு: ஆளும் நேரமும் தெரியும், எடை தெரியாது. புகைக்கு வேண்டியது எடை. வியாபாரிக்கு வேண்டியது ஆள். கார்பன் என்று சொல்லிக்கொண்டு நம் போனில் இரண்டாவதைத் தேடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கணக்கு இடிக்கிறது.

பெரிய நிறுவனங்களிடம் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள். பட்டியலிடப்பட்ட முதல் 1,000 கம்பெனிகள் 2022-23லிருந்து தங்கள் புகைக் கணக்கையெல்லாம் அறிக்கையில் சொல்ல வேண்டும் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபி விதித்திருக்கிறது. அங்கே கேட்பது சரி. தனி மனிதன் தன் கார்பன் தடத்தைத் தானே அளந்து பார்க்க வேண்டும் என்று 2004இல் இணையத்தில் கணிப்பான் வைத்து ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தது பி.பி. என்கிற எண்ணெய்க் கம்பெனி. எண்ணெய் விற்கிறவரே நம் கையில் தராசைக் கொடுத்தார்.

ஆப்பால் ஒரு நன்மையும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. அறிக்கையில் பெட்ரோல் கணக்கு மாதா மாதம் கண்ணில் வந்து நின்றது. இப்போது வாரத்தில் இரண்டு நாள் பஸ்ஸில் போகிறேன். திரும்பி வரும்போது ஜன்னலோரம் கிடைத்தால் தூக்கமும் கிடைக்கிறது.

ஐப்பசியில் போன் மழையில் நனைந்து ஒன்பது நாள் ரிப்பேர் கடையில் கிடந்தது. எல்லாம் ரொக்கம். ஆறு லிட்டர் பெட்ரோல் அடித்தேன். சிலிண்டர் போடுகிறவர் வந்தார், அவருக்கும் ரொக்கம். அம்மா வழக்கம்போலப் பின்பக்கம் தென்னமட்டை வைத்துத் தண்ணீர் காய்ச்சினாள். (மட்டைப் புகையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது தனி வழக்கு. மரம் இழுத்ததுதானே திரும்பிப் போகிறது என்பார்கள்.) போன் திரும்பி வந்து ஆப்பைத் திறந்ததும் ஒரு பச்சைப் பதக்கம் குதித்தது: 'கடந்த வாரம் உங்கள் கார்பன் பூஜ்யம். வாழ்த்துகள்!'

அன்றே அழித்துவிட்டேன். அக்கா மகனிடம் சொன்னபோது, "அப்ப எப்பிடி மாமா தெரிஞ்சுக்குவீங்க?" என்று கேட்டான். சமையலறைக்குக் கூட்டிப்போய் நாள்காட்டியைக் காட்டினேன். சிலிண்டர் மாற்றிய தேதியில் அம்மா பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள். அப்பா இருந்த காலத்திலிருந்து அந்த வழக்கம். வருஷத்துக்கு ஏழு வட்டம். ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ, எரிந்தால் சுமார் 42 கிலோ கரியமிலவாயு. ஏழுக்குக் கிட்டத்தட்ட 300 கிலோ. கரண்டு பில்லில் யூனிட் அச்சடித்தே வருகிறது: வருஷத்துக்கு 1,080, அது 750 கிலோ. பெட்ரோல் மாதம் 26 லிட்டர், வருஷத்துக்கு 700 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். நாலு பேர் இருக்கிற வீட்டில் நாங்களே கொளுத்துவது ஒன்றே முக்கால் டன்னைச் சுற்றி. சோறு, துணி, தங்கமெல்லாம் இதில் இல்லை, தெரியும்.

பையன் கால்குலேட்டரில் சரிபார்த்தான். அப்புறம் போன மாத வட்டத்தைத் தொட்டு, "இது ஏன் மாமா ரெண்டு வட்டம்?" என்றான்.

"காதுகுத்துக்கு எல்லாரும் வந்து பத்து நாள் இருந்தீங்கள்ல, அதான்" என்றாள் அம்மா.

பஸ்ஸில் போக ஆரம்பித்த பிறகு பெட்ரோல் எவ்வளவு குறைந்தது என்று அந்த வட்டங்களுக்குக் கீழேயே நானும் இப்போது எழுதி வைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எதுவும் எழுதுவதில்லை.